ஆள் மாறினால் கதை மாறுமா?

துப்பறியும் கதை, பேய்க்கதை, மந்திரவாதக் கதை, விண்வெளிக் கதை என்று கிடைத்ததையெல்லாம் வாசிப்பவர் நீங்கள். அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறீர்கள். ஒரே அச்சில் வார்த்த நாயகர்கள் கொஞ்சக் காலமாகச் சலித்துப்போய்விட்டார்கள் என்கிறீர்கள். வயதான விதவை, கறுத்த மந்திரவாதி, சக்கர நாற்காலியில் இருக்கும் விண்கலத் தளபதி, தொழுகை நேரம் பார்க்கும் பொலிஸ்காரி என்று பல தினுசான ஆள்கள் உலவும் கதைகளே இப்போது இனிக்கின்றனவாம். நண்பர்களோ, "கதையைப் பார், ஆள்களின் இனத்தையும் மதத்தையும் எண்ணிக்கொண்டிருக்காதே" என்று கேலி செய்கிறார்கள். கடைசியில் நீங்களே உங்களைச் சந்தேகித்து, இது ரசனைதானா அல்லது நல்ல மனிதர் என்று காட்டிக்கொள்ளும் ஆசையா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட புத்தகங்களை எப்படித் தேர்வது என்றும் போகிற போக்கில் ஒரு கேள்வி.

பலவகை மாந்தர் தரும் இன்பம் கதைக்குள்ளிருந்து பிறக்கிறதா, அல்லது நாம் வெளியே இருந்து கொண்டுபோய் வைக்கும் கொள்கையா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். கதைக்குள்ளிருந்துதான் பிறக்கிறது என்பது என் பதில். அதுவும் மேடைகளில் பேசப்படும் இலக்கிய நாவல்களைவிட, நீங்களும் நானும் இரவில் விளக்கை அணைக்காமல் வாசிக்கும் ஜனரஞ்சகக் கதைகளில்தான் கூடுதலாகப் பிறக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்துப் பொது நூலகமொன்றின் இரவல் கருமபீடத்துக்குப் பின்னால் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போயிற்று. நூலகவியல் படித்திருக்கிறேன்; உளவியல் படித்ததில்லை. ஆகவே வாசகர் மனம் பற்றி நான் சொல்வதில் பாதி, புத்தகத்தைத் திருப்பித் தர வந்தவர்கள் நின்று கதைத்ததிலிருந்து கிடைத்தது. அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வுகள் சொல்வதைத் தனியே சொல்கிறேன்.

மர்மக்கதையைக் கையில் எடுக்கும் எவருக்கும் அதன் போக்கு முன்கூட்டியே தெரியும். ஒரு பிணம் விழும், ஐந்தாறு பேர்மேல் சந்தேகம் எழும், கடைசி அத்தியாயத்தில் ஒருவர் அகப்படுவார். பேய்க்கதையில் யாரோ போகக்கூடாத வீட்டுக்குப் போவார். இது குறையே இல்லை. இந்த உறுதிக்காகத்தான் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்கிறோம். கூத்துப் பார்க்கப் போகிறவனுக்கு அபிமன்யு செத்துப்போவான் என்பது தெரியாதா? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான். இம்முறை ஆடுகிறவன் எப்படிச் சக்கரவியூகத்துக்குள் நுழைகிறான் என்று பார்ப்பதில்தான் அவனுக்குச் சுவை. போக்கு மாறாத கதையில் மாறக்கூடியது, அந்தப் போக்கில் நடந்துபோகும் ஆள். அவருக்கு எந்தக் கதவு திறக்கும், எது சாத்தப்படும், எதைக் கண்டால் அவர் துணுக்குறுவார், யார் முன்னால் அவரால் வாய் திறக்க முடியாது என்பவை மாறினால் துப்பு மாறும், ஆபத்து மாறும், சிரிப்பும் மாறும்.

அகதா கிறிஸ்டி 1927இல் ஒரு சிறுகதையில் துப்பறியும் மிஸ் மார்ப்பிளை அறிமுகப்படுத்தினார். கம்பளி பின்னிக்கொண்டிருக்கும், மணமாகாத கிராமத்துக் கிழவி. அவர் இருக்கிறாரே என்று எவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அவரை ஒரு பொருட்டாக எவரும் நினைப்பதில்லை. பொலிஸ் அதிகாரி விசாரித்தும் பெற முடியாததை அவர் தேநீர் மேசையில் கேட்டுவிடுகிறார். அவருடைய இடத்தில் துடிப்பான இளைஞன் ஒருவனை வைத்தால் கதை அங்கேயே நின்றுவிடும். வால்டர் மோஸ்லியின் ஈஸி ரோலின்ஸ் 1990இல் வெளிவந்த நாவலில் அறிமுகமானவர். கதை நடப்பது 1948ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸில். வேலை இழந்த கறுப்பினத் தொழிலாளி அவர். ஒரு பெண்ணைத் தேடித் தரும்படி வெள்ளையன் ஒருவன் அவருக்குப் பணம் கொடுக்கிறான். அந்தப் பெண் போய்வருவது கறுப்பினத்தவரின் இசை விடுதிகளுக்கு. அங்கே அவனால் விசாரிக்க முடியாது, ஈஸியால் முடியும். அங்கே வழி திறந்த அதே நிறம், பொலிஸ் நிலையத்தில் அவருக்கு அடி வாங்கித் தருகிறது. துப்பும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இந்த நாவலை "ஆள்களின் நிறத்தைப் பார்க்காமல்" வாசிக்கச் சொன்னால், கதையைப் பார்க்காமல் வாசிக்கச் சொல்வதாகத்தான் முடியும்.

இதையே நம் ஊரில் வைத்துப் பார்க்கலாம். பழைய ஆங்கில மர்மக்கதைகளில் பணக்காரக் கிழவர் கொலையாவார். சொத்து யாருக்குப் போகிறது என்பதிலிருந்து சந்தேகம் கிளம்பும். மூத்த மகன்மேல் எல்லோரும் கண் வைப்பார்கள். மட்டக்களப்பில் இந்த வண்டி ஓடாது. இங்கே வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் கட்டிய ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுகிறான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாகவே எண்ணப்படுகிறது. இன்னும் பின்னால் போய், முக்குவர் வழமை என்ற இப்பகுதி வழக்கச் சட்டம் நீதிமன்றத்தில் செல்லுபடியான காலத்தில், அதாவது 1876ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒதுக்குவதற்கு முன்னால் கதையை வைத்தால், பரம்பரைச் சொத்தான முதுசம் மகனுக்கே போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். நிறைய வயல் உள்ள போடியார் ஒருவர் வயல் வாடியில் செத்துக் கிடக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார அதிகாரி வந்தவுடன் மகனைப் பிடித்து உள்ளே போடுவார். அவருடைய ஊர் வழக்கம் அவருக்கு அப்படித்தான் சொல்லும். தகப்பன் செத்தால் மகன் கைக்கு முதுசம் வராது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பார்க்க வேண்டியது சகோதரியின் மகனான மருமகனை.

அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் யார்? கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் குடி மானம் கருதி அவர் வாய் திறக்கமாட்டார். அழுக்குத் துணி எடுக்க எல்லா வளவுக்கும் போய்வரும் கட்டாடியாரின் மனைவிக்கு எந்தச் சாரத்தில் என்ன கறை என்பது தெரியும். அவளை ஒருவரும் கவனிப்பதில்லை. மார்ப்பிள் செய்கிற வேலையை அவள் செய்யலாம். ஆனால் கண்டுபிடித்ததை எந்தத் திண்ணையில் ஏறிச் சொல்வாள்? சொன்னாலும் எவர் காது கொடுப்பார்? தேநீர் மேசையில் மரியாதையாக உட்காரவைக்கப்பட்ட ஆங்கிலக் கிழவிக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே இந்தக் கதை கிறிஸ்டியின் கதையைப் போல எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டிவைத்து முடியாது. வேறு எப்படியோதான் முடிய வேண்டும். அந்த "வேறு எப்படியோ"தான் எனக்கு வேண்டியது. இதை யாராவது எழுதினால் முதல் பிரதியைக் காசு கொடுத்தே வாங்குவேன். ஆள் பஞ்சமும் நமக்கில்லை. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரில் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை வீட்டில் பேசி வந்த, தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் பேர் போன பறங்கியர் இருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் தெலுங்கு வழிவந்த குறவர் சமூகம் இருக்கிறது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்த காடும் கடலும் கருவியும் வேறு.

ஆகவே நண்பர்களிடம் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. பாத்திரத்தின் பெயரையும் பின்னணியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கதை அசையாமல் அப்படியே நின்றால் அந்தப் பின்னணி பூசப்பட்ட சாயம், கதை சரிந்தால் அது தூண். நூலகர்களும் விமர்சகர்களும் பலகாலம் சொல்லிவரும் சோதனைதான். ஆனால் இதை முழுமையாக நான் ஏற்பதில்லை. எங்கள் வாசகர் வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தடவை எரிச்சலோடு கேட்டாள்: "முஸ்லிம் பிள்ளை வரும் கதை என்றால் ஏன் எப்போதும் கலவரம், இல்லாவிட்டால் கலியாணப் பிரச்சினை? பர்தா போட்ட பிள்ளை சும்மா ஒரு பேயை விரட்டக் கூடாதா?" அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக்கார நாயகன் வெள்ளையனாக இருப்பதற்குக் கதையில் காரணம் காட்டுவதில்லை. அவன் பாட்டுக்கு டிராகனோடு சண்டை போடுகிறான். மற்றவர்கள் மட்டும் தங்கள் பின்னணிக்குக் கதையில் வாடகை கட்ட வேண்டும் என்றால் அது என்ன நீதி?

இரண்டு பசியும் உண்மையானவை. தன் வாழ்க்கையின் வேறுபாடு கதையை நகர்த்த வேண்டும் என்று ஒரு பசி. அந்த வேறுபாட்டைப் பற்றி எவரும் கதைக்காமல், தன்னைப் போன்ற ஒருவர் பூதத்தை விரட்ட வேண்டும் என்று இன்னொன்று. இரண்டையும் ஒரே புத்தகத்தில் தீர்ப்பது கடினம். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய, எர்த்சீ என்ற மந்திரவாதக் கதை வரிசையின் முதல் நாவலில் அதற்கு அருகே போனார் என்பது என் கணிப்பு. நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவனுடைய நெருங்கிய நண்பன் கறுத்தவன், வெள்ளை நிறத்தவர்கள் படையெடுத்து வரும் அந்நியர்கள். ஆனால் இதை முதற் பக்கத்தில் பறை அறிவிக்காமல், வாசகர் கெட்டோடு ஒன்றிய பிறகு மெல்ல மெல்லத் தெரியவிட்டார். வெள்ளை வாசகர் நாயகனின் மனதுக்குள் குடியேறிய பிறகே அவன் தோலைப் பார்க்க வேண்டும் என்று திட்டமிட்டே அப்படிச் செய்ததாக அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தபோது கெட் வெள்ளையனாகிவிட்டான். லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார்.

அதே 1968இல் வெளிவந்த இன்னொரு நாவலின் கதையும் கேட்க வேண்டியது. சாமுவெல் டிலேனி, கறுப்பின அமெரிக்கர். தம் விண்வெளி நாவலான "நோவா"வைத் தொடராக வெளியிடக் கேட்டு அனலாக் என்ற அறிவியல் புனைகதை இதழுக்குக் கொடுத்தார். அந்த இதழின் ஆசிரியரும் அன்றைய அறிவியல் புனைகதை உலகில் செல்வாக்குமிக்கவருமான ஜோன் கேம்பல் மறுத்துவிட்டார். கறுப்பின நாயகனோடு தம் வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்று காரணம் சொன்னதாக டிலேனி 1998இல் எழுதிய கட்டுரையில் பதிவுசெய்திருக்கிறார். இது உறுதியான பகுதி: ஆள்களை எண்ணும் வேலையைத் தொடங்கியவர்கள் உங்களைப் போன்ற வாசகர்கள் இல்லை. ஆசிரியர் மேசையிலிருந்து எண்ணி, ஒரு நிறத்தவரை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். வாசகர் ஒன்றுவாரா மாட்டாரா என்ற கேள்விக்கும் பதில் பிறகு கிடைத்தது. ஹியூகோ விருதைத் தீர்மானிப்பவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் உறுப்பினராகும் வாசகர்கள். கறுப்பினப் பெண் எழுத்தாளரான என்.கே. ஜெமிசின் எழுதிய மூன்று பாக நாவலின் ஒவ்வொரு பாகத்துக்கும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் சிறந்த நாவலுக்கான ஹியூகோ கிடைத்தது. அதற்கு முன் எவருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை.

கேம்பல் நம் பக்கம் வந்திருந்தால் அந்தப் பதிலை இன்னும் முன்னமே பெற்றிருப்பார். தன்னைப் போன்றவரோடுதான் வாசகர் ஒன்றுவார் என்றால் வாழைச்சேனைப் பையன் லண்டன் மூடுபனிக்குள் குதிரை வண்டியில் போன துப்பறிவாளனோடு ஒன்றியது எப்படி? கூத்தில் திரௌபதையாக ஆடியவர் மீசை மழித்த ஆண் என்பது தெரிந்தும் முன்வரிசைப் பெண்கள் அழுதது எப்படி? தூரத்து ஆள்களோடு ஒன்றுவது நமக்கு ஊறிய பழக்கம். நமக்குக் கிடைக்காமல் போனது மறுபக்கம்: அந்தக் கதைகளில் நாம் வந்தால் எந்தக் கோலத்தில் வந்தோம் என்பது.

சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக்கை வாசித்தவர்களுக்கு லோதாரைத் தெரியும். 1934இல் தொடங்கிய அந்தச் சித்திரக் கதையில் லோதார் ஓர் ஆப்பிரிக்க இளவரசர். அரசுரிமையை விட்டு மந்திரவாதியோடு அலைகிறார். இளவரசர் என்று பெயர், ஆனால் உடுப்பது சிறுத்தைத் தோல், ஆங்கில மூலத்தில் பேசுவது உடைந்த ஆங்கிலம், செய்வது தூக்கி எறியும் வேலை. 1965இல் வேறு ஓவியர் பொறுப்பேற்ற பிறகுதான் உடையும் பேச்சும் திருந்தின. மாண்ட்ரேக்குக்கு அறிவும் லோதாருக்குத் தோள் பலமும் என்று பங்கு பிரித்திருந்ததை, சிறுவயதில் வாசித்த எவரும் பெரும்பாலும் கவனித்திருக்கமாட்டார்கள். உடைந்த பேச்சு பழைய தந்திரம். ஒருவரை அறிவு குறைந்தவராகக் காட்ட வேறெதுவும் செய்யத் தேவையில்லை, அவருடைய பேச்சைக் கொஞ்சம் ஒடித்துவிட்டால் போதும்.

நாமும் அதைச் செய்யாதவர்கள் இல்லை. 1970களில் இலங்கை வானொலியில் ஊரே காத்திருந்து கேட்ட "கோமாளிகள் கும்மாளம்" நினைவிருக்கும், உங்களுக்கு இல்லாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 1976இல் திரைப்படமாகவும் வந்தது. மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என்று நாலு பேர், நாலு விதப் பேச்சு. மரிக்காராக நடித்த ராமதாஸுக்கும் உபாலியாக நடித்த செல்வசேகரனுக்கும் அப்புக்குட்டியாக நடித்த ராஜகோபாலுக்கும் அந்தப் பெயர்களே பட்டம்போல ஒட்டிக்கொண்டன. ஐயராக நடித்தவர் பி.எச். அப்துல் ஹமீட். இன்று கேட்டால் அந்த நகைச்சுவையில் இரண்டு விஷயம் சேர்ந்தே தெரிகிறது. பல சமூகத்துக் குரல்கள் ஒரே கதையில் மோதியதால் கிடைத்த குதூகலம் நிஜம். வேறு எந்த நாடகத்திலும் எனக்கு அது அப்படிக் கிடைத்ததில்லை. அதே வேளை, ஒவ்வொருவரும் தம் சமூகத்தின் பேச்சு வாடைக்குள் அடைபட்டவர்கள். சிங்களவர் சிங்கள வாடையில் தமிழ் பேசினாலே சிரிப்பு வந்துவிடும். ஆள்கள் பலவகையாக இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொருவருக்கும் உச்சரிப்புக்கு அப்பால் ஏதாவது வேலை இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்கில்லை. சென்னையில் அச்சாகி நம் கடைகளுக்கு வரும் மாத நாவல்களிலும், நான் வாசித்தவரையில், முஸ்லிம் பாத்திரம் என்றால் நல்ல மனம் படைத்த பிரியாணிக்கடைக்காரர் அல்லது கடத்தல்காரர். இலங்கைத் தமிழர் என்றால் அகதி அல்லது ஆயுதம் வைத்திருப்பவர். மருதமுனை வாசகர் ஒருவர் அப்படியொரு புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது, "எங்கட ஆள் இதிலயும் எட்டாம் பக்கத்தில செத்துப் போயிட்டார்" என்று சொல்லிச் சிரித்தார்.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. எண்ணிக்கைக்காகவே ஆள் சேர்த்த கதைகள் இப்போது நிறைய வருகின்றன. ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஒருவர் என்று குழு அமைத்து, அவர்களில் ஒருவருக்கும் கெட்ட குணமே வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். பொறாமைப்படாத, பொய் சொல்லாத, தன் சமூகத்தின் பிரதிநிதியாக மட்டும் மூச்சு விடுகிற பாத்திரம் மர்மக்கதைக்கு ஆகாது. அவர்மேல் சந்தேகமே எழாது. யார் கொலைகாரர் என்று தேடும் கதையில் "இவரைக் கொலைகாரராகக் காட்ட எழுத்தாளர் துணியமாட்டார்" என்று வாசகர் ஊகித்துவிட்டால் சந்தேக நபர் ஒருவர் வீண். இதற்கு மருந்து அத்தகைய ஆள்களைக் குறைப்பது இல்லை, கூட்டுவது. ஒரு கதையில் ஒரேயொரு முஸ்லிம் இருந்து அவரே கொலைகாரராக இருந்தால் அது ஒரு சமூகத்தின் மேல் விழும் குற்றச்சாட்டு. காத்தான்குடியிலேயே நடக்கும் கதையில் துப்பறிவாளரும் கொலையுண்டவரும் கொலைகாரரும் டொக்டரும் பொலிஸ் சார்ஜனும் முஸ்லிம்கள் என்றால், கொலைகாரர் வெறும் கொலைகாரர்.

இனி ஆய்வுகள். கதை வாசித்தால் பிறர் மனம் புரியும், ஆகவே பலவகை மாந்தர் வரும் கதை நம்மை நல்லவராக்கும் என்று சொல்வார்கள். இதில் அவ்வளவு உறுதி கிடையாது. 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று, இலக்கியப் புனைவின் சில பக்கங்களை வாசித்தவர்கள் பிறருடைய கண்களின் படத்தைப் பார்த்து மனநிலையை ஊகிக்கும் சோதனையில் கூடுதல் புள்ளி பெற்றதாகவும், ஜனரஞ்சகக் கதையை வாசித்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை என்றும் சொன்னது. பத்திரிகைகள் கொண்டாடின. பிறர் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு நிலைக்கவில்லை; நேச்சர், சயன்ஸ் இதழ்களில் வெளியான 21 சமூக அறிவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து 2018இல் வெளியிட்ட பெரிய முயற்சியிலும் இது தேறவில்லை. எனவே மர்மக்கதை மனதை விரிக்காது என்று யாராவது அந்த ஆய்வைக் காட்டினால் தயங்காமல் மறுக்கலாம். இலக்கியம் விரிக்கும் என்று அதைக் காட்டினாலும் அப்படியே.

மறுபக்கத்தில், 2015இல் அச்சில் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹாரி பொட்டர் கதைகளில் பாகுபாடு தொடர்பான பகுதிகளைச் சில வாரங்கள் வாசிக்கக் கொடுத்தார்கள். ஹாரியோடு ஒன்றிய பிள்ளைகளிடம் குடியேறிகள் பற்றிய மனப்பான்மை மேம்பட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகுதிகளில் இழிவுபடுத்தப்படுவோர் நிஜச் சமூகத்தவர் இல்லை. மந்திரவாதப் பரம்பரையில் பிறக்காத மந்திரவாதிகள் போன்ற கற்பனை மாந்தர். கற்பனைச் சாதியை வைத்துப் படித்த பாடம் நிஜத்துக்குத் தாவியிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தனியே வாசித்துவிட்டுப் போகவில்லை, ஆய்வாளரோடு உட்கார்ந்து கலந்துரையாடினார்கள். புத்தகம் செய்ததா கலந்துரையாடல் செய்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். வாசகர் வட்டம் நடத்தியவன் என்ற முறையில் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. அது சாய்வு மட்டுமே.

அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷொப் 1990இல் சொன்னதும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது: பிள்ளைகளுக்குப் புத்தகம் தம்மைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் யன்னலாகவும், உள்ளே நடந்துபோகும் கதவாகவும் இருக்க வேண்டும் என்று. பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் தெரிவு செய்கிறவர்களுக்கு அது அருமையான வழிகாட்டி. ஆனால் உங்கள் கேள்விக்கு அது முழுப் பதில் ஆகாது. நீங்கள் கேட்பது எது நல்லது என்று இல்லையே, ஏன் இனிக்கிறது என்றுதானே. அதற்கு என் விடை மேலே சொன்னதுதான்: பழகிய பாதையில் புதிய கால்கள் நடக்கும்போது பாதையே புதிதாகிறது. நீங்கள் நல்லவராகிறீர்களா இல்லையா என்பது வேறு கணக்கு. ரசனைக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை.

வெளியாள் எழுதலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். எழுதலாம், எழுதியிருக்கிறார்கள். எச்.ஆர்.எஃப். கீட்டிங் என்ற ஆங்கிலேயர் 1964இல் பம்பாய் இன்ஸ்பெக்டர் கோட்டேயை உருவாக்கினார். இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலேயே பல நாவல்கள் எழுதினார். கோட்டேயின் கூச்சமும் மேலதிகாரி பயமும் உயிருள்ளவை, அவை எந்த ஊர் அலுவலகத்திலும் இருப்பவை. ஊரின் மணம் பற்றி எனக்கு அப்படிச் சொல்ல வராது. பொதுவாக, மனித பலவீனத்தை எழுத வெளியாளுக்குத் தடையில்லை. முதுசம் யாருக்குப் போகும், எந்த வீட்டில் எவர் வாசலோடு நிற்க வேண்டும் என்பதுபோன்ற இடங்களில்தான் சறுக்குவார். மர்மக்கதைக்குத் துப்பு கிடைப்பது அங்கேதான் என்பதால் சறுக்கல் கூடுதலாக வலிக்கும்.

தேர்வது எப்படி என்று கேட்டீர்கள். விருதுப் பட்டியலிலிருந்து தொடங்கலாம், பிழையில்லை. கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர 2023இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட மிகுபுனைவு நாவல், இனங்களும் சாதிகளும் சிக்கிக்கிடக்கும் கற்பனை நகரமொன்றில் நடப்பது, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்குமான நெபுலா விருது பெற்றது. ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருக்கும், பொறுமை வேண்டும். தமிழில் தேடும்போது பின்னட்டை வாசகத்தை விட்டுவிட்டு, நாயகன் இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். துணைப் பாத்திரங்கள் தங்களுக்குள் கதைக்கிறார்களா, அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கவலையாவது இருக்கிறதா, அல்லது நாயகன் வரும்வரை சும்மா நிற்கிறார்களா என்பது அரைப் பக்கத்தில் தெரிந்துவிடும். அட்டைப் படத்தை நம்பவே வேண்டாம். லெ குவினின் செம்பழுப்பு நாயகனையே பல பதிப்புகளின் அட்டைகள் வெள்ளையனாக்கியிருக்கின்றன. அலுமாரி ஓரத்தில் நின்றபடியே நாலு பக்கம் வாசியுங்கள். கருமபீடத்தில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.